ஏறிய கியரிலேயே இறங்கினோம்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கொட்டகையைத் திறந்து மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினேன். அப்போது அடுப்புக்கூடப் பற்றவைக்கவில்லை. நாயுடுபுரம் முழுக்க மூடுபனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. பெட்ரோலைத் திறந்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைத்தேன். முதலில் இருமியது. பிறகு சிறிது யோசித்தது. அப்புறம் பிடித்துக்கொண்டு, இந்த வீட்டில் ஒன்றுமே நடக்காததுபோலத் தன் பழைய குரலில் பேச ஆரம்பித்துவிட்டது. பெட்ரோல் வாசனை பனியோடு கலந்து முகத்தில் அடித்தது. அதோடு சேர்ந்து வரவேண்டிய ஸ்பிரிட் வாசனைக்காக என் மூக்கு தானாகக் காத்திருந்தது. அது உங்கள் கைகளின் வாசனை. வரவில்லை.

வண்டியைக் கிளப்பியதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து அண்ணன் வருகிறார். வண்டியை வாங்கிக்கொள்ள ஒருவரையும் கூட்டி வருகிறார். "ஒத்தப் பொம்பள இந்தக் குளிர்ல கெடந்து என்ன செய்யப் போற? மகளும் மதுரையிலதான படிக்கிறா. வண்டியக் குடுத்துட்டு, வீட்டக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துரு" என்று போன முறையே சொல்லிவிட்டார். நானும் தலையாட்டிவிட்டேன். வாங்க வருகிறவர் முன்னால் கிளம்பாமல் நின்று நம் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்றுதான் இன்று உதைத்துப் பார்த்தேன். கிளம்பிய பிறகு அணைக்க மனம் வரவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து அது ஓடுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அணைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இந்த வண்டியைப் பழகியது நயா பைசா வந்த புதிதில். மலையின் சுகாதார இன்ஸ்பெக்டர் என்றால் நீங்கள்தான். அம்மைத் தடுப்பு ஊசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலே கவுஞ்சி வரைக்கும், கீழே பெரும்பாறை வரைக்கும் இந்த வண்டியில் போய் வருவீர்கள். அப்போது மலையில் வண்டி வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. இறக்கம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். உருளைக்கிழங்கு லாரிக்காரர், டாக்சிக்காரர், எஸ்டேட் ஜீப்புக்காரர், எல்லோருமே. பெட்ரோல் மிச்சம். சத்தமில்லாமல் பெரிய பெரிய வண்டிகள் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போகும். கீழே வத்தலக்குண்டில் டீக்கடையில் உட்கார்ந்து, யார் எந்த வளைவு வரைக்கும் அணைத்தபடியே வந்தார் என்று பெருமை பேசிக்கொள்வார்கள். அந்தப் பெருமையில் உங்களுக்கும் பங்கு இருந்தது.

ஒரு மழை நாளில், பெருமாள் மலைக்குக் கீழே, அணைத்த வண்டி உங்களைக் கேட்காமல் ஓடியது. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கியவருக்குப் பிரேக் ஈரத்தில் வழுக்கிவிட்டது. வலது கால் எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கட்டியும் கோணலாகவே கூடியது. கணுக்கால் மடங்கவில்லை. கிளப்ப உதைப்பதும் அந்தக் காலால்தான், கியர் மாற்றுவதும் அந்தக் காலால்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மழையைத் திட்டினார்கள். நீங்கள் விடவில்லை.

"மழையால உடைஞ்சதுன்னு சொல்லாதீங்க. மிச்சம் பிடிச்ச பெட்ரோலால உடைஞ்சது" என்றீர்கள், வந்தவர் ஒவ்வொருவரிடமும். அவர்களில் பாதிப்பேர் அதே பெட்ரோலை மிச்சம் பிடித்துத்தான் அன்றும் வந்திருந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார்கள்.

கால் ஆறுவதற்குள் மேலதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கி வந்தார். பழத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "டூர் போக முடியாத இன்ஸ்பெக்டர மலையில வெச்சு நான் என்ன சார் செய்யறது? கீழ ஆபீஸ்ல ஒரு நாற்காலி இருக்கு. நிம்மதியா உக்காந்து ஃபைல் பாக்கலாம்." சீசன் முடிகிறவரை பார்ப்பதாகவும், அதற்குள் ஊர்களுக்குப் போய்வர ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் மாற்றல் உத்தரவுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அந்த முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கவுஞ்சியில் எந்த வீட்டுக் குழந்தைக்கு ஊசி பாக்கி, எந்தத் தாய் ஊசி என்றதும் பிள்ளையைப் பூண்டுச் சாக்குக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்காரவைப்பது என்பது உங்களைப் பாதி புதைப்பது போல எனக்குப் பட்டது.

"நான் ஓட்டுறேன்" என்றேன்.

சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். கோபப்படுவீர்கள் என்றும் நினைத்தேன். நீங்கள் மெல்லத் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தீர்கள். "தரைக்கு எட்டுமா?" என்றீர்கள். வேறு எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஒருவரை மணந்து அத்தனை வருடம் ஆன பிறகு, அன்றைக்குத்தான் எனக்கு உங்களைக் கட்டிக்கொண்டதில் அசல் பெருமை வந்தது.

நீங்கள் தடியூன்றி நடக்க ஆரம்பித்த அன்றே, வெள்ளனே, ஏரியைச் சுற்றிப் போகும் சமதளச் சாலைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளியது நான், நீங்கள் கைத்தடியோடு நொண்டி வந்தீர்கள். ஏறி உட்காரலாம் என்று பார்த்தால் விடவில்லை. முதல் வாரம் முழுக்கத் தள்ளுவதுதான் பாடம். எஞ்சினைத் தொடக்கூடாது. தள்ளு, திருப்பு, சாய், நிமிர்த்து. பிறகு ஒரு நாள் புல்தரையில் வண்டியைப் படுக்கப்போட்டுவிட்டு, "தூக்கு" என்றீர்கள்.

"என்னால முடியாது."

"கையால தூக்காத. முதுகக் குடுத்து, காலால எந்திரி."

தூக்கினேன். மூன்றாம் தரம் தூக்கியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விழுந்தாத் தூக்கிரலாம்னு தெரிஞ்சுபோச்சுல்ல? இனிமே விழறதுக்குப் பயப்பட மாட்ட. பயப்படாதவ லேசுல விழவும் மாட்டா" என்றீர்கள்.

கிளச்சை விடுவதற்கு ஒரு உவமை வைத்திருந்தீர்கள், நினைவிருக்கிறதா? "தூங்குற பிள்ளயத் தொட்டில்ல விட்டுட்டுக் கைய எடுக்கிற மாதிரி விடணும். வெடுக்குனு எடுத்தா முழிச்சுக்கும்."

"நீங்க என்னைக்கு எந்தப் பிள்ளயத் தொட்டில்ல விட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீ விடுறதப் பாத்துக்கிட்டு இருந்தேன்ல."

நான் எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்டேன். கிளச்சை அழுத்தாமல் கியர் மாற்றினால் ஏன் அலறுகிறது? முன் பிரேக்கை மட்டும் ஏன் பிடிக்கக் கூடாது? வளைவில் ஏன் சாய வேண்டும்? கல்லூரியில் தர்க்கம் படித்தவளின் வியாதி அது. "காலேஜு படிச்ச பொம்பளைக்கு வண்டி பழக்கறதுக்கு நானே ஒரு பரீட்சை எழுதீரலாம்" என்று அலுத்துக்கொள்வீர்கள். ஆனால் தெரியாததைத் தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இருவருமாக உட்கார்ந்து கழற்றிப் பார்ப்போம். கிரீஸ் கையோடு நீங்கள் சாப்பிட உட்கார்ந்து நான் திட்டியது போய், கிரீஸ் கையோடு நான் பரிமாறி நீங்கள் திட்டும் காலம் வந்தது.

சேலைதான் பெரிய ஆபத்தாக இருந்தது. ஒரு முறை முந்தானை சங்கிலியில் சிக்கி என்னை ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. நல்லவேளை, வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்கு வழி சொன்னது, வாசலுக்குப் பூண்டு விற்க வரும் கவுஞ்சிக்காரி. படிப்படியாக இறங்கும் வயல்களில் வேலை செய்கிற பெண்கள் சேலையை முழங்காலோடு வரிந்து பின்னால் இழுத்துச் செருகுவார்களே, அந்தக் கட்டைக் காட்டித் தரச் சொன்னேன்.

"என்னம்மா, களை எடுக்கப் போறியா?"

"மோட்டார் சைக்கிள் ஓட்டப் போறேன்."

அவள் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப இன்னும் இறுக்கு" என்று இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டாள். அதன் அடியில் உங்கள் பழைய கம்பளிக் கால்சட்டையை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது, பாதி கவுஞ்சி, பாதி நீங்கள். எனக்குப் பிடித்திருந்தது.

நாயுடுபுரத்துக்குப் பிடிக்கவில்லை. நான் முன்னால், நீங்கள் பின்னால், கடைத்தெருவைக் கடந்த முதல் நாள் மளிகைக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். திரும்பி வரும்போது அவர் கடையில்தான் சர்க்கரை வாங்க வேண்டியிருந்தது.

"என்ன சார், பொண்டாட்டி முதுகப் பிடிச்சுக்கிட்டுப் போறீங்க?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. நீங்கள் சாவகாசமாகச் சர்க்கரைப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்தீர்கள்.

"டிரைவர் போட்டிருக்கேன் அண்ணாச்சி. படிச்ச டிரைவர். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, உங்க வீட்டம்மாவையும் பழக்கிவிடச் சொல்றேன்."

உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து அவர் வீட்டம்மா கொல்லென்று சிரித்த சத்தம் வந்தது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் இதெல்லாம் சமதளத்தில். மலை என்றால் இறக்கம்தான். என்னை முதல் இறக்கத்துக்குக் கூட்டிப்போகும் முன் வண்டியை நிறுத்தச் சொல்லி, உங்கள் கோணல் காலைக் காட்டினீர்கள். "இதப் பாத்துக்கோ. மலையில எல்லாரும் உன்னக் கேலி பண்ணுவாங்க, பெட்ரோலக் குடிக்கிறான்னு. குடிக்கட்டும். எந்தக் கியர்ல ஏறுனியோ அதே கியர்லதான் இறங்கணும். எஞ்சின் உன் கையில இருக்கணும். பிரேக்கு துணைக்குத்தான்." பிறகு வளைவுகளைப் பற்றி. "பள்ளத்தப் பாக்காத. பாத்தா வண்டி அங்கதான் போகும். நீ எங்க போகணுமோ அங்க பாரு."

இன்னொன்றும் சொன்னீர்கள். "வண்டி ஓடும்போது நான் பேச மாட்டேன். நீ கேட்டா மட்டும் சொல்லுவேன்." அது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. பிறகு மற்ற ஆண்கள் மனைவியருக்குத் தையல் இயந்திரத்தைக்கூடச் சொல்லிக்கொடுக்கும் அழகைப் பார்த்த பிறகுதான் நீங்கள் எனக்குக் கொடுத்தது என்ன என்று புரிந்தது.

லைசென்ஸ் பரீட்சைக்கு வந்த அதிகாரி என்னை எட்டுப் போடச் சொன்னார். கால் ஊன்றாமல் போட்டேன். அவர் உங்களைப் பார்த்து, "லைசென்ஸ் நெசமாவே அவங்களுக்குத்தானா சார்?" என்றார். "போட்டோவும் அவங்களுதுதான் சார்" என்றீர்கள்.

லைசென்ஸ் வந்த கையோடுதான் பெரும்பாறையிலிருந்து செய்தி வந்தது. எஸ்டேட் குடியிருப்பில் பெரியம்மை. மேலதிகாரியே நேரில் வருகிறார். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் நீங்கள் ஊசி மருந்தோடு அங்கே வந்து சேராவிட்டால், கீழேயிருந்து வேறு ஆளை வரவழைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வேறு ஆள் என்றால், அதோடு உங்கள் இடமும் போயிற்று என்று அர்த்தம். இருவருக்கும் தெரியும்.

இருட்டு விலகும்போதே கிளம்பினோம். மருந்துக் குப்பிகளை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்து, குலுங்கினால் உடையும் என்று பெட்டியில் கட்டாமல், நீங்கள் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டீர்கள். பண்ணைக்காடு வரை மழைத் தூறல். தாண்டிக்குடியைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. பாதை, பாதை என்று சொல்ல முடியாத ஜீப் தடம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் காப்பித் தோட்டம் கீழே கீழே என்று போய்க் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே இறங்கினேன். பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் ஒரு ஜீப் வந்து, ஹாரன் அடித்து, எங்களை உரசுவதுபோலக் கடந்து போனது. எஞ்சின் அணைத்திருந்தது. உள்ளே மேலதிகாரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவரும் எங்களைப் பார்த்தார்.

அவர் முந்திவிட்டாரே என்ற பதைப்பு எனக்கு. கொஞ்சம் வெரசாகப் போகலாமா, கியரைத் தளர்த்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நீங்கள் பின்னால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் என்னை நிறுத்தியது. அதே கியரிலேயே போனேன்.

அடுத்த வளைவில் பின் பிரேக்கை மிதித்தேன். கால் வெறும் காற்றில் இறங்கியது. இன்னொரு முறை மிதித்தேன். ஒன்றுமில்லை.

அப்போது பயந்தேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம் பிறகுதான் வந்தது. அந்த நிமிடத்தில் என் காதில் எஞ்சின் சத்தம் மட்டும்தான் இருந்தது. அது வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. கைப்பிடியில் வேகம் கூட்டும் விசையை முழுக்க மூடினேன். கிளச்சை அழுத்தி முதல் கியருக்குத் தட்டினேன். தொட்டிலில் பிள்ளையை விடுவதுபோலக் கையை எடுத்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. பள்ளத்தைப் பார்க்கவில்லை. மேட்டுப்பக்கம் புல் முளைத்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தேன். முன் பிரேக்கைச் சன்னமாகப் பிடித்துக்கொண்டே போய், அந்தப் புல்லில் சக்கரத்தை முட்டி நிறுத்தினேன்.

"பின் பிரேக் இல்லங்க" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ ரெண்டாந்தரம் மிதிச்சப்பவே."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீதான் பாத்துக்கிட்டு இருந்தியே. நான் குறுக்க பேசிக் கெடுக்கவா?"

திரும்பிப் பார்த்தேன். உங்கள் இரண்டு கைகளும் ஃபிளாஸ்கில்தான் இருந்தன. என் தோளைப் பிடிக்கவில்லை; இருக்கையைப் பிடிக்கவில்லை. ஒருமுறை இறக்கத்தில் விழுந்து கால் போன மனிதர், பிரேக் இல்லை என்று தெரிந்தும், மருந்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு என்னை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். அந்தக் கைகள் சொன்னதை யாரும் சொன்னதில்லை.

பிரேக் கம்பியை மாட்டும் ஊசி எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. என் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, துளையில் நுழைத்து, முனைகளை மடக்கிவிட்டேன். மிதித்துப் பார்த்தேன், பிடித்தது. மறுபடி ஏறி உட்காரும்போதுதான் பள்ளத்தைப் பார்த்தேன். நானாகக் கிளப்பும்வரை நீங்கள் அவசரப்படுத்தவில்லை. பனிக்குள் எங்கோ ஒரு குயில் கத்துவதை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம், நேரம் போய்க்கொண்டிருந்தது என்று தெரிந்தே.

பெரும்பாறைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி தாண்டவில்லை; மேலதிகாரி எஸ்டேட் பங்களா வாசலில் நின்றுகொண்டிருந்தார். குடியிருப்பில் ஒரு ஈ காக்கை இல்லை. "ஊசின்னதும் அத்தன பேரும் கதவச் சாத்திக்கிட்டாங்க" என்றார் எஸ்டேட் கங்காணி. "ஆத்தா வந்திருக்கும்போது கையக் கீறுனா கோவிச்சுக்குவாங்கிறாங்க. பொம்பளைகளுக்கு, ஆம்பள முன்னாடி ரவிக்கைக் கைய மேல தூக்கவும் வெக்கம்."

ஆனால் வண்டிச் சத்தம் கேட்டிருந்தது. ஒரு கதவு கொஞ்சம் திறந்தது. பிறகு இன்னொன்று. முதலில் வெளியே வந்தவள் காப்பிப்பழம் பறிக்கும் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. சேறு படிந்த என் காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

"இதுமேல ஏறி நீயா வந்த?"

"ஆமா."

"மேலருந்தா? இந்தப் பனியிலயா?"

"ஆமா."

"பின்னாடி உக்காந்திருக்கது யாரு?"

"வீட்டுக்காரர்."

அவள் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்னால் திரும்பிக் கத்தினாள்: "ஏ, வாங்கடி! இங்க ஒருத்தி புருசன ஏத்திக்கிட்டு வந்திருக்கா!"

கதவுகளெல்லாம் திறந்துகொண்டன. நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அவர்கள் பார்க்கும்படி, என் ரவிக்கைக் கையைச் சுருட்டி உங்களிடம் நீட்டினேன். நீங்கள் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் கீறினீர்கள். எனக்கு ஏற்கெனவே குத்தியிருந்தது. அது நமக்குள் இருந்தது. "வலிக்கலியா?" என்றாள் அவள். "அந்தப் பாதையில வந்ததுக்கு இது ஒண்ணும் வலிக்கல" என்றேன். சிரித்துக்கொண்டே இடுப்புக் குழந்தையின் கையைத்தான் முதலில் நீட்டினாள். பெண்களைத் தனியாக ஒரு வீட்டுக்குள் வரிசையாக உட்காரவைத்தேன். சாயங்காலம் வரை உங்கள் கை ஓயவில்லை.

மேலதிகாரியின் ஜீப் டிரைவர் ஓரமாக நின்று, "ரெண்டாம் கியர்ல இறங்குனா வண்டி பெட்ரோலா குடிக்குமேம்மா" என்று என்னிடம் சொல்லிப் பார்த்தார். நான் பதில் சொல்லும் முன்பே, கொண்டை ஊசி செருகிய பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மேலதிகாரி குறுக்கிட்டார். "நம்ம ஜீப்பும் இனிமே குடிக்கட்டும்யா" என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். மாற்றல் என்ற சொல் வரும் என்று நான் எதிர்பார்த்து நின்றேன்.

"அடுத்து கவுஞ்சிக்கு என்னைக்குப் போறீங்க?" என்று கேட்டார். உங்களைப் பார்த்து ஆரம்பித்த கேள்வியை என்னைப் பார்த்து முடித்தார்.

அதற்குப் பிறகு நாம் போகாத ஊர் இந்த மலையில் இல்லை. கவுஞ்சியில் எனக்கு 'வண்டிக்காரம்மா' என்றுதான் பெயர். உங்களை 'வண்டிக்காரம்மா வீட்டு சார்' என்றார்கள். அதை நீங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். போன மார்கழியில் நெஞ்சுவலி வந்து, நம் வீட்டுக் கட்டிலிலேயே, என் கையைப் பிடித்தபடி நீங்கள் போனபோது, மேலிருந்து அத்தனை பேர் நடந்தே வந்தார்கள். பூண்டுக்காரி வந்து என் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது என்ன என்று இன்று காலை யோசித்தேன். வண்டி ஓட்டுவது மட்டுமில்லை. அண்ணன் பேசும்போது பணிந்து தலையாட்டிவிட்டேனே தவிர, அன்று முதல் மனசுக்குள் ஒரு வண்டி அணைத்துப்போட்டபடி இறங்கிக்கொண்டிருப்பதுபோலவே இருக்கிறது. மதுரையில் அண்ணன் வீட்டு மாடியறை வசதியானதுதான். மேலதிகாரி அன்று உங்களுக்குத் தர இருந்த நாற்காலியும் வசதியானதுதான்.

உங்கள் வேலையைப் பார்க்க இப்போது ஒரு நர்ஸம்மா வந்திருக்கிறார். என் வயதுதான். திண்டுக்கல் பக்கம். பூம்பாறை வரைதான் பஸ். அங்கிருந்து கவுஞ்சிக்கு நடை. நேற்று மாலை நம் அடுப்படியில் உட்கார்ந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "முடியலைங்க. போன தடவ பாதி வீட்டுக்குப் போகாமயே திரும்பிட்டேன். மாத்தலுக்கு எழுதிப் போட்டுரலாம்னு இருக்கேன்" என்றார். நான் காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். ராத்திரி முழுக்கப் பாதைதான் கண்ணில் வந்தது. எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எந்த இடத்தில் தைல மர இலைகள் ஈரமாகக் கிடக்கும் என்று.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் வாங்க வருகிறவரும் வருவார்கள். இருவருக்கும் நல்ல சாப்பாடு போட்டு அனுப்பிவைப்பேன். வண்டியும் போகாது, நானும் போக மாட்டேன். திங்கட்கிழமை அந்த நர்ஸம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கவுஞ்சிக்குப் போகிறேன். அண்ணனுக்கும் மகளுக்கும் இது தெரியாது. அந்த நர்ஸம்மாவுக்கே இன்னும் தெரியாது.

பின் டயரில் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடிக்க வேண்டும். அந்த அம்மா உங்களைவிடக் கனம்.